எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் ஸ்டிக்கரை நம்பலாமா?

கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனால் வீட்டிலோ கம்பெனியிலோ ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள். முக்கியமாக நம்ம நெருப்பெரிச்சல், வாவிபாளையம், பூலுவபட்டி, போயம்பாளையம் பக்கம் பவர் டேபிள், பிரிண்டிங், எம்ப்ராய்டரி நடத்தும் தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்க்காத பாதுகாப்பு, பாதுகாப்பே அல்ல. அது வெறும் அச்சடித்த காகிதம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரப் பெட்டியை வைத்து இதைச் சொல்கிறேன்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. மதர்போர்டு, பிராசஸர், ஹார்ட் டிஸ்க் எல்லாமே அது போடும் சோற்றைத்தான் சாப்பிடுகின்றன. சோறு கெட்டுப்போனால் வீட்டில் ஒருத்தர் மட்டும் படுப்பதில்லை, எல்லோரும் படுக்கிறார்கள். இருந்தும் கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் எதைக் கேட்கிறோம்? பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு. எஸ்.எம்.பி.எஸ். பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "அது கேபினெட்டோட வந்துரும்ங்க" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்தப் பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஓ.வி.பி., யு.வி.பி., ஓ.சி.பி., ஓ.பி.பி., எஸ்.சி.பி., ஓ.டி.பி. என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இவை ஆறும் ஆறு காவல்காரர்கள். வெளியே போகும் வோல்டேஜ் எல்லை மீறி ஏறினால் அணைப்பது முதல் ஆள். எல்லைக்குக் கீழே இறங்கினால் அணைப்பது இரண்டாவது. ஒரு கம்பியில் அளவுக்கு மேல் ஆம்பியர் ஓடினால் மூன்றாவது. மொத்த வாட்ஸ் மிஞ்சினால் நான்காவது. ஷார்ட் ஆனால் ஐந்தாவது. பெட்டி சூடேறினால் ஆறாவது. எல்லோருக்கும் வேலை ஒன்றுதான்: ஆபத்து வந்தால் தன்னை அணைத்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றுவது.

இதில் முதல் ஆளைப் பற்றி நம்ம ஊரில் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. ஓ.வி.பி. என்று போட்டிருந்தால் ஈ.பி. லைனில் ஹை வோல்டேஜ் வந்தாலும் தாங்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பெட்டியிலிருந்து வெளியே போகும் 12, 5, 3.3 வோல்ட்டைத்தான் கண்காணிக்கிறது. இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பு வழிகாட்டியில் இதற்குக் கணக்கு உண்டு. 12 வோல்ட் லைன் 15.6-ஐத் தாண்டுவதற்குள்ளும், 5 வோல்ட் லைன் 7-ஐத் தாண்டுவதற்குள்ளும் பெட்டி அணைந்துவிட வேண்டும். சுவர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆபத்து தனிக் கதை. போஸ்டில் நியூட்ரல் கழன்றுவிட்டால், மூன்று பேஸ் லைனில் ஒரு பேஸை எடுத்து ஓட்டும் வீட்டுக்கும் கம்பெனிக்கும் 230-க்குப் பதில் 400-ஐ நெருங்கிக்கூட வரலாம். அப்போது ஸ்டிக்கரில் இருக்கும் ஓ.வி.பி. குறுக்கே வராது. அதற்கு நல்ல எர்த், ஹை-லோ கட் உள்ள ஸ்டெபிலைசர், ஒழுங்கான யு.பி.எஸ். என்று வெளியே காவல் போட வேண்டும். ஆக, வாசலுக்கு ஒரு காவல், உள்ளே ஒரு காவல். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

இப்போது என்னிடம் படித்த ஒரு தம்பியின் கதை. எம்ப்ராய்டரி வைத்திருக்கிறான். பன்ச்சிங் டிசைன் ஃபைல்கள், ஜி.எஸ்.டி. கணக்கு, பீஸ் ரேட் சம்பளப் பட்டியல் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். போன தீபாவளிக்கு முந்தின வாரம், போனஸ் கணக்குப் போடும் நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. அது தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆறு வருட டிசைன்கள் போச்சு. அவற்றை மறுபடி போட ஆளுக்கும் நேரத்துக்கும் ஆன செலவை அவன் என்னிடம் சொன்னபோது எனக்கே வயிறு கலங்கியது.

கடையில் கேட்டதற்கு "உங்க ஏரியாவுல கரண்ட் சரியில்லைங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம். தம்பி என்னிடம் வந்து, "சார், பெட்டி மேல ஆறு பாதுகாப்புன்னு போட்டிருக்குது. ஒண்ணுமே காப்பாத்தலையே?" என்றான். நியாயமான கேள்வி. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவனிடம் அதே மாதிரி இன்னொரு பழைய பெட்டி, நல்ல நிலையில், இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன். ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். எட்டாம் வகுப்புக் கணக்குதான், பெருக்கிப் பாருங்கள்: 192 வாட்ஸ். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. மீதி வாட்ஸை எல்லாம் அதிகம் தேவைப்படாத 5, 3.3 வோல்ட் கணக்கில் எழுதி 450 ஆக்கியிருக்கிறார்கள். சோதிக்கும் முன்பே ஸ்டிக்கர் பாதி உண்மையைச் சொல்லிவிட்டது.

சோதனைக்கு ஒரு மெக்கானிக் பட்டறையிலிருந்து 12 வோல்ட், 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்புகள் வாங்கி வந்தேன். ஒரு பல்பு சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் பெட்டி ஓட ஆரம்பிக்கும். பிறகு ஒவ்வொரு பல்பாகச் சேர்த்து மீட்டரைப் பார்த்தேன். (வாசலில், சிமென்ட் தரையில், தனி எம்.சி.பி. போட்டு, பக்கத்தில் மணல் வாளியோடு செய்தது. தயவுசெய்து யாரும் வீட்டுக்குள் இதைச் செய்து பார்க்காதீர்கள். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.)

ஒரு பல்புக்கு 11.8 வோல்ட். இரண்டுக்கு 11.4. விதிப்படி ஐந்து சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4-தான் கடைசி எல்லை. மூன்றாவது பல்பில் 11.1. அதே நேரம் 5 வோல்ட் லைன் 5.4-க்கு ஏறிவிட்டது. இது இந்த மாதிரிப் பெட்டிகளின் பிறவிக்குணம். இரண்டு லைனையும் ஒரே கடிவாளத்தில் ஓட்டுவதால் ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்பும், சீசா பலகை மாதிரி. நான்காவது பல்பு போட்டதும் 10.6. அந்த நேரத்தில் அது தன் சக்தி என்று தானே எழுதி வைத்திருந்த எல்லைக்கு வந்துவிட்டது. அப்போதும் அணையவில்லை. ஆறு நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசம் வந்தது. நானே அணைத்துவிட்டேன்.

ஆறவிட்டு, தடித்த கம்பியால் நேராக ஷார்ட் செய்து பார்த்தேன். உடனே அணைந்துவிட்டது! ஆக ஐந்தாவது காவல்காரன் மட்டும் விழித்திருக்கிறான். மற்றவர்கள் தூங்குகிறார்கள், அல்லது வேலைக்கே எடுக்கப்படவில்லை. கழுத்தை நெரித்தால் கத்தும் பெட்டி, மூட்டைமேல் மூட்டையாக ஏற்றினால் சத்தமில்லாமல் சாகிறது. நிஜ வாழ்க்கையில் திடீர் ஷார்ட்டைவிட இந்த மெல்ல ஏறும் சுமைதான் அதிகம். புதுசாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுகிறோம், இன்னொரு ஹார்ட் டிஸ்க் சேர்க்கிறோம், கப்பாசிட்டர் வயசாகிப் பலவீனமாகிறது, பனியன் பஞ்சு ஃபேனில் அப்பிக் காற்று நின்றுவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நண்பர் வீட்டிலிருந்து நல்ல பெட்டி ஒன்றும் கடன் வாங்கினேன். அதுவும் 450 வாட்ஸ்தான். ஆனால் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர், அதாவது 432 வாட்ஸ். நாலு பல்புக்கு மீட்டர் 12-ஐ விட்டு அசையவில்லை. பத்தாவது பல்பைச் சேர்த்ததும் டக்கென்று அணைந்தது. பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் சரியாக எத்தனை ஆம்பியரில் வெட்டியது என்று என் பல்புச் சோதனை சொல்லாது. வெட்டியது என்று மட்டும் சொல்லும். கொஞ்ச நேரம் ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. காவல் என்றால் இதுதான். தானும் சாகவில்லை, யாரையும் சாகவிடவும் இல்லை.

"சார், பெரிய பிராண்டு வாங்கினாப் போதுமல்ல?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போதும். ஆனால் பெயர் மட்டும் போதாது என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் இருக்கிறது. 2021-ல் கிகாபைட் நிறுவனத்தின் 750, 850 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். மாடல்கள் இரண்டு பெரிய சர்ச்சையானது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. அமெரிக்காவில் நியூஎக் என்ற கடை கார்டோடு சேர்த்து இந்தப் பெட்டியையும் தலையில் கட்டியது. கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற சோதனைக் குழு இவற்றை வாங்கிச் சுமை ஏற்றிப் பார்த்தபோது பல பெட்டிகள் வெடித்தே போயின. 80 பிளஸ் தங்கத் தரச் சான்று உள்ள பெட்டிகள்! நிறுவனம் அந்த ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. அளவுக்கு மீறி வெகுநேரம் சுமை ஏற்றியதால் வந்த வினை என்றது. ஆனால் அதோடு நிற்காமல், வாட்ஸ் மிஞ்சினால் அணைக்கும் எல்லையை 120–150 சதவீதத்திலிருந்து 110–120 சதவீதமாகக் குறைத்துவிட்டதாகவும், பழைய பெட்டிகளை மாற்றித் தருவதாகவும் சொன்னது.

கவனியுங்கள். அங்கே காவல்காரன் இல்லாமல் இல்லை. ஸ்டிக்கரில் பொய்யும் இல்லை. எழுப்ப வேண்டிய நேரத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 750 வாட்ஸ் பெட்டி 1,125 வாட்ஸ் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால், அணைவதற்குள் உள்ளே இருக்கும் பாகம் போய்விடுகிறது. இதை ஸ்டிக்கரைப் படித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. யாரோ ஒருவர் வாங்கி, எல்லை வரை ஓட்டி, உடைத்துப் பார்த்ததால்தான் வெளியே வந்தது.

80 பிளஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அதை எல்லோரும் பாதுகாப்புச் சான்று என்று நினைக்கிறார்கள். அது சிக்கனச் சான்று. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கியது. பெட்டி இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் வீணாகாமல் வெளியே வருகிறது என்று அளக்கும். அதுவும் 23 டிகிரி சுற்றிலுள்ள வெப்பத்தில். சித்திரை மாதம் நம்ம ஊர் ஷீட் கூரைக்குக் கீழே, அயர்ன் டேபிள் பக்கத்தில், கேபினெட்டுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்கு அங்கே வேறு பரீட்சை, இங்கே வேறு பரீட்சை.

நம்ம நாட்டுச் சான்றும் உண்டு. மத்திய அரசின் கட்டாயப் பதிவு ஆணை 2012-ல் வந்தது. அதன்படி எலெக்ட்ரானிக் பொருட்கள் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு செய்யப்பட வேண்டும். அந்த ஆணையில் கம்ப்யூட்டர் சாதனங்களுக்குக் குறிப்பிடப்பட்ட பாதுகாப்புத் தரம் ஐ.எஸ். 13252. இந்தத் தரத்தில், வேண்டுமென்றே கூடுதல் சுமை கொடுத்து, ஷார்ட் செய்து, தீயோ மின்னதிர்ச்சியோ வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அது முதலில் உங்கள் உயிரைக் காக்கப் பார்க்கிறது. உங்கள் ஹார்ட் டிஸ்க்கைக் காக்குமா என்பது அதன் கேள்வி அல்ல.

இதெல்லாம் நமக்கு எதற்கு, நாம் என்ன இன்ஜினியரா என்று யாராவது கேட்டால், அவருக்கு என் பதில்: திருப்பூர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் நீடில் டிடெக்டர் இருக்கிறதல்லவா? பேக்கிங்குக்கு முன்னால் ஒவ்வொரு பீஸும் அதற்குள் போய்வர வேண்டும். உடைந்த ஊசி முனை துணிக்குள் இருந்தால் கத்தும். ஆனால் கத்தவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஊசி இல்லை என்றும் இருக்கலாம், மெஷினே செத்துவிட்டது என்றும் இருக்கலாம். அதனால்தான் மணிக்கு ஒருமுறை சின்ன இரும்புக் குண்டு பதித்த ஒரு சோதனை அட்டையை உள்ளே விட்டு, மெஷின் கத்துகிறதா என்று பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். பொருளை மட்டும் அல்ல, காவல்காரனையும் சோதிக்கிறார்கள். குழந்தைச் சட்டையில் பட்டனைக் குறிப்பிட்ட விசையில் இழுத்துப் பார்க்காமல் எந்த வெளிநாட்டு பையரும் சரக்கு எடுப்பதில்லை. "பட்டன் உறுதியானது" என்று லேபிள் அடித்துக் கொடுத்தால் ஒத்துக்கொள்வாரா?

ஒரு சட்டைப் பட்டனுக்கு நாம் காட்டும் இந்தக் கறாரை, மொத்தக் கம்பெனியின் கணக்கும் டிசைனும் நம்பியிருக்கும் பெட்டிக்கு ஏன் காட்டவில்லை? இதுதான் என் கேள்வி. வீட்டு மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி.-யில்கூட 'டி' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் மாற்ற வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.-ல் அப்படி ஒரு பட்டன் கிடையாது. அதனால் வாங்கும் முன்பே நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

"எங்க கம்ப்யூட்டர் பத்து வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். பத்து வருடம் ஓடியது, பாதுகாப்பு இருந்ததற்குச் சாட்சி அல்ல. பாதுகாப்பு தேவைப்படவில்லை என்பதற்குத்தான் சாட்சி. அது தேவைப்படும் நாள் ஒன்றே ஒன்று. அந்த நாளில் பக்கத்திலேயே கட்டிங் வேஸ்ட் மூட்டையும் இருந்தால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்?

வாங்குபவர்கள்: ஸ்டிக்கரில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள். பன்னிரண்டால் பெருக்குங்கள். மொத்த வாட்ஸுக்கு நெருங்கி வந்தால் நல்லது, பாதிகூட வராவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்துப் பாருங்கள். அந்த மாடலைச் சுமை ஏற்றி யாராவது சோதித்து எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். கடையில் விற்கும் சின்ன டெஸ்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் வோல்டேஜ் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். காவல் விழித்திருக்கிறதா என்று அது சொல்லாது.

வைத்திருப்பவர்கள்: மாதம் ஒருமுறை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வெளியிலிருந்தே ஃபேன் ஜாலியில் இருக்கும் பஞ்சை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். டிசைன் ஃபைல்களை வேறு ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

மொத்தமாக வாங்கும் பள்ளிகள், அலுவலகங்கள், கம்பெனிகள்: ஐம்பது கம்ப்யூட்டர் வாங்கினால் அதில் ஏதாவது ஒரு எஸ்.எம்.பி.எஸ்.-ஐ நீங்களே பொறுக்கி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அணையும்வரை சுமை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது வெடித்துப் போனால் நஷ்டம் ஒரு பெட்டி. மற்ற நாற்பத்தொன்பதைத் திருப்பி அனுப்பலாம். டெண்டரில் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே போதும், பாதிக் குப்பை நம்ம ஊர்ப் பக்கமே வராது.

கடை நடத்தும் தம்பிகளுக்கும் ஒன்று. சில நூறு ரூபாய்ப் பெட்டிக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்ப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று வாடிக்கையாளருக்கு ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவர் மலிவானதையே கேட்டால் அது அவர் முடிவு. சொல்லாமல் உள்ளே வைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு கரண்ட்மேல் பழி போடுவது வியாபாரம் இல்லை.

அந்தத் தம்பி இப்போது புதுக் கம்ப்யூட்டரில் நல்ல பெட்டி போட்டிருக்கிறான். நகலும் எடுக்கிறான். நீங்கள் இன்றைக்கே உங்கள் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைத் திறந்து (பிளக்கைப் பிடுங்கிவிட்டு!) ஸ்டிக்கரைப் படித்து, 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். பெருக்கிச் சொல்லும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.